எல்லைப்புறப் பகுதிகளில் தொழுநோய்: காரணம், பரவும் முறை, சிகிச்சை

மனித குலத்தை வருத்திய நோய்களுள் தொழுநோயைப் போல் நெடுங்காலம் தவறாகக் கருதப்பட்டு வந்தது வேறொன்றும் இல்லை எனலாம். முற்பிறவிப் பாவத்தின் பயன் என்றும், பரம்பரையாக வருவது என்றும், தொட்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொள்வது என்றும் மக்கள் இதனை எண்ணி அஞ்சினர். இம்மூன்று எண்ணங்களும் பிழையானவை என்பதை விஞ்ஞானம் ஐயத்திற்கு இடமின்றி நிறுவிவிட்டது. நோயை உண்டாக்கும் கிருமி எது என்பது 150 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அக்கிருமியைக் கொல்லும் மருந்துகளும் உள்ளன. அவை அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அவ்வாறிருந்தும், உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினரே ஆவர். கை விரல்கள் மடங்கிப் போன பின்னரோ, பாதத்தில் ஆறாத புண் ஏற்பட்ட பின்னரோ மருத்துவரிடம் முதன்முதலாக வருவோரும் இன்றுவரை இருந்து வருகின்றனர். தோலில் முதல் தேமல் தோன்றிய நாளுக்கும், நோயாளி முதல் மாத்திரையை உட்கொண்ட நாளுக்கும் இடையே எத்தனை மாதங்கள் கழிகின்றன என்பதே ஒருவர் முழு நலம் பெறுவாரா, ஊனமுறுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. அக்காலத்தைக் குறைக்கும் ஆற்றல் பெரிய மருத்துவமனைகளைக் காட்டிலும், மக்களிடையே நாள்தோறும் பழகும் களப்பணியாளருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் மிகுதியாக உண்டு. இது எவ்வாறு என்பதை, கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் எல்லைப்புறத்தைக் கருத்திற்கொண்டு இங்கு விளக்குவோம்.

எல்லைப்புறத்தின் தன்மை

பாலக்காட்டுக் கணவாயை அடுத்த வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் ஆகிய பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு ஆகிய மலைப் பகுதிகளிலும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினர். தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்து வருவோர் ஒரு சாரார். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் ஜீப்புகளில் வந்து திரும்புவோர் மற்றொரு சாரார். அட்டப்பாடியிலும் மறையூர்ப் பகுதியிலும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர்.

இப்பகுதிகள் முற்காலத்தில் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை அல்ல. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்திற்கும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கும் உரியனவாக இருந்தன. எனவே தொழுநோயாளிகளைக் கவனிக்கும் ஏற்பாடுகளும் வெவ்வேறாக அமைந்தன. திருவிதாங்கூர் அரசாங்கம் 1934-ஆம் ஆண்டில் நூறநாட்டில் தொழுநோய் மருத்துவமனையை நிறுவியது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவான பின்னரே இப்பகுதிகள் யாவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. பாலக்காடு மாவட்டம் 1957-இலும், இடுக்கி மாவட்டம் 1972-இலும் அமைக்கப்பட்டன.

நிர்வாகம் ஒன்றானபோதிலும் மக்களின் போக்குவரத்து எல்லைக்கோட்டிற்குக் கட்டுப்படுவதில்லை. வேலை ஒரு மாநிலத்திலும் வீடு மற்றொரு மாநிலத்திலும் உள்ள ஒருவருக்கு நெடுநாள் சிகிச்சை வேண்டிய நோய் வருமாயின், அவர் எந்தச் சுகாதார நிலையத்தின் பொறுப்பு என்னும் வினா எழுகிறது. இவ்வினாவின் முக்கியத்துவம், நோயின் இயல்பை அறிந்த பின்னரே நன்கு விளங்கும்.

நோயை உண்டாக்கும் கிருமி

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பணியாற்றிய டாக்டர் ஹான்சன் என்பார் 1873-ஆம் ஆண்டில், நோயாளிகளின் திசுக்களை நுண்ணோக்கி வழியே ஆராய்கையில் கோல் வடிவமுள்ள நுண்ணுயிர்களைக் கண்டார். மனிதருக்கு நெடுங்கால நோய் ஒன்றை விளைவிக்கும் பாக்டீரியாவாக முதன்முதலில் சுட்டிக்காட்டப்பட்டவற்றுள் இதுவும் ஒன்றாகும். மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்பது இதன் பெயர். காசநோய்க் கிருமியும் இதே இனத்தைச் சேர்ந்தது. 2008-ஆம் ஆண்டில் இதனையொத்த மற்றொரு கிருமியும் கண்டறியப்பட்டது. எனினும் நம் நாட்டில் நாம் கருத்திற்கொள்ள வேண்டியது முதலாவதையே.

இக்கிருமியின் இயல்புகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, அதன் மிக மந்தமான வளர்ச்சி. குடலில் வாழும் சாதாரணக் கிருமி ஒன்று தக்க சூழ்நிலையில் 20 நிமிடங்களில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் தேவை. தொழுநோய்க் கிருமி ஒரு முறை பெருகுவதற்கோ 12 முதல் 14 நாட்கள் ஆகின்றன. ஆகவே கிருமி உடலிற் புகுந்து நோய்க்குறி தோன்றுவதற்குச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் செல்கின்றன. சிலரிடத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலும் ஆவதுண்டு. இன்று ஒரு தோட்டத்தில் காணப்படும் நோய், பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் தொற்றியதாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, குளிர்ச்சியான இடங்களை அது நாடும் இயல்பு. உடலின் உட்பகுதியைக் காட்டிலும் சற்றே உஷ்ணம் குறைந்த தோல், மூக்கு, காது மடல், கைகால்களின் நரம்புகள் ஆகிய இடங்களிலேயே இக்கிருமி செழிக்கிறது.

எந்தச் செயற்கை ஊட்டத்திலும் இதனை வளர்க்க இயலவில்லை என்பது ஆராய்ச்சியாளர்களுக்கு நெடுங்காலம் பெருந்தடையாக இருந்தது. அமெரிக்க விஞ்ஞானி ஷெப்பர்டு 1960-ஆம் ஆண்டில், உஷ்ணம் குறைந்த எலியின் பாதத் திசுவில் இக்கிருமி பெருகுவதைக் காட்டினார். இதன்பின் மருந்துகளின் ஆற்றலை அளந்தறிவது சாத்தியமாயிற்று. 1971-இல் அர்மடில்லோ என்னும் கவசமுடைய அமெரிக்க விலங்கின் உடலிலும் இது வளர்வது தெரியவந்தது.

செயற்கை முறையில் வளராமைக்குரிய காரணம் 2001-ஆம் ஆண்டில் ஓரளவு விளங்கிற்று. அவ்வாண்டு இக்கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதும் வாசித்தறியப்பட்டது. அவ்வாராய்ச்சிக்குப் பயன்பட்ட கிருமி வகை தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டதாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் செயற்படுகையில், தொழுநோய்க் கிருமியில் செயற்படுபவை சுமார் 1,600 மட்டுமே. மேலும் 1,100-க்கும் மேற்பட்டவை பழுதுற்றுச் செயலிழந்து கிடக்கின்றன. தனித்து வாழும் திறனைப் படிப்படியாக இழந்து, பிற உயிரின் உயிரணுக்களை அண்டி வாழும் நிலையை இக்கிருமி எய்தியுள்ளது.

நோய் பரவும் முறை

சிகிச்சை பெறாத, கிருமிகள் மிகுந்த நோயாளி ஒருவரின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வெளிப்படும் நுண்துளிகள் வாயிலாகவே நோய் பெரும்பாலும் பரவுகிறது. அதற்கும் நெருங்கிய, நெடுநாளைய பழக்கம் வேண்டும். கை குலுக்குவதாலோ, அருகில் அமர்வதாலோ, உடன் உண்பதாலோ இது பரவுவதில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பிறப்பால் வருவதும் இல்லை. ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்நோய் காணப்படுமாயின், ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் வாழ்ந்ததே முதன்மையான காரணம்.

கிருமி உட்புகுந்த அனைவரும் நோயுறுவதில்லை என்பது ஆறுதலளிக்கும் செய்தி. மக்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இக்கிருமியை வெல்லும் இயற்கையான எதிர்ப்புச் சக்தி உண்டு. அச்சக்தி குறைந்த சிலரிடத்திலேயே நோய் வேரூன்றுகிறது. எதிர்ப்புச் சக்தி ஓரளவு உள்ளவரிடத்தில் ஓரிரு தேமல்களோடு நோய் நிற்கும். அது மிகக் குறைந்தவரிடத்தில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகி உடலெங்கும் பரவும். முதல் வகையினரைக் கிருமி குறைந்தோர் என்றும், இரண்டாம் வகையினரைக் கிருமி மிகுந்தோர் என்றும் கூறுவர். பொதுவாக ஐந்து தேமல்கள் வரை உடையவர் முதல் வகையிலும், ஐந்துக்கு மேற்பட்டவை உடையவரும், தோல் சுரண்டல் பரிசோதனையில் கிருமி காணப்பட்டவரும் இரண்டாம் வகையிலும் அடங்குவர்.

சிகிச்சை தொடங்கியதும் நோயாளி பிறருக்கு நோயைப் பரப்புவது விரைவிலேயே நின்றுவிடுகிறது. ஆகையால் மருந்து உட்கொண்டு வரும் தொழிலாளியை லயத்திலிருந்து வெளியேற்றுவதும், மாணவனைப் பள்ளியினின்று விலக்குவதும் காரணமற்ற கொடுமையாகும். அஞ்சத்தக்கது இன்னும் கண்டறியப்படாத நோயே. விலக்கப்படுவோம் என்னும் அச்சமே நோயை மறைக்கத் தூண்டுகிறது. மறைக்கப்பட்ட நோயே பிறருக்குப் பரவுகிறது.

உடலில் நிகழ்வது யாது?

தொழுநோயினால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பது பரவலான நம்பிக்கை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் இந்நம்பிக்கையை ஆராய்ந்து மறுத்தார். கிருமி தாக்குவது நரம்பை. நரம்பு பழுதுற்றதும் அப்பகுதியில் வலியும் சூடும் தெரிவதில்லை. வலி என்பது உடலைக் காக்கும் எச்சரிக்கை. அவ்வெச்சரிக்கை இல்லாதவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பார். காலில் தைத்த முள்ளோடு பல மைல் நடப்பார். இவ்வாறு ஏற்படும் தீப்புண்களும் காயங்களும் சீழ்பிடித்து, எலும்பு கரைந்து, விரல்கள் குறுகுகின்றன.

ஏலத்தோட்டத்தில் களையெடுப்பவர், வயற்சேற்றில் நடப்பவர், விறகடுப்பில் சமைப்பவர் ஆகியோருக்கு இதனால் விளையும் தீங்கு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முழங்கையின் உட்புறத்து நரம்பு பாதிக்கப்பட்டால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்து மடங்குகின்றன. முழங்காலின் வெளிப்புறத்து நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தைத் தூக்கி நடக்க இயலாது. அது தொய்ந்து தரையில் இழுபடும். கணுக்காலின் உட்புறத்து நரம்பு பழுதுற்றால் உள்ளங்கால் மரத்துப் போகிறது. முகத்து நரம்பு தாக்கப்பட்டால் கண் இமை மூடாது. கண் உலர்ந்து பார்வை கெடும்.

டாக்டர் பிராண்ட் 1948-ஆம் ஆண்டு முதல், பழுதுறாத தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை இயங்கச் செய்யும் அறுவைச் சிகிச்சையை வேலூரில் நடத்திக் காட்டினார். 1955-இல் வேலூரை அடுத்த காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தோன்றியது. மரத்துப்போன பாதங்களைக் காக்கும் மென்மையான ரப்பர்க் காலணிகளும் இம்முயற்சிகளின் பயனாகவே பரவலாயின. எனினும் இழந்த உணர்ச்சியை அறுவைச் சிகிச்சை மீட்டுத் தருவதில்லை. நரம்பு பழுதுறுமுன் நோயைக் கண்டறிவதே சாலச் சிறந்தது.

மரவெட்டி எண்ணெயிலிருந்து கூட்டு மருந்து வரை

பாலக்காடு, இடுக்கி மலைச்சரிவுகளில் மலையாள மக்கள் மரோட்டி என்றழைக்கும் மரம் வளர்கிறது. தமிழில் இது மரவெட்டி என்றும், இதன் வித்து நீரடிமுத்து என்றும் வழங்கும். கேரளத்தில் இதன் கனி ஓட்டை அகலாக்கி எண்ணெய் வார்த்து விளக்கேற்றும் வழக்கம் உண்டு. இவ்வித்தின் எண்ணெயே பழங்கால இந்திய மருத்துவத்தில் தொழுநோய்க்குரிய மருந்தாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகெங்கும் தொழுநோய்க்கு அளிக்கப்பட்டதும் இதுவும் இதன் இனத்தைச் சேர்ந்த மரங்களின் எண்ணெயுமே. ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்னும் இளம் ரசாயனியும், கல்கத்தாவில் சர் லியோனார்டு ராஜர்சும் இதனை ஊசி வழியே செலுத்தத்தக்க வடிவங்களை 1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினர். சிலருக்கு ஓரளவு குணம் தெரிந்ததாயினும், வலி மிகுந்த இச்சிகிச்சையை உறுதியான பரிகாரமாகக் கொள்ள இயலவில்லை.

உறுதியான பரிகாரத்தின் தொடக்கம் 1941-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் டாக்டர் ஃபாஜெட் என்பார் சல்ஃபோன் இனத்து மருந்தான புரோமினை நோயாளிகளுக்குச் செலுத்தி நற்பயன் கண்டார். அவ்வினத்தின் மூலப்பொருளான டாப்சோன், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பவரால் 1940-களில் பரிசோதிக்கப்பட்டது. விலை மலிவான டாப்சோன் மாத்திரை, நோயாளிகளை மருத்துவமனைக்குள் அடைத்து வைக்க வேண்டிய தேவையையே அகற்றிற்று. 1955-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் திருமணி நிலையத்தை ஏற்று, மத்திய தொழுநோய்ப் போதனை ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதே ஆண்டில் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் தொடங்கியது. செங்கற்பட்டு மாவட்டத்துப் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய நாட்டு டாக்டர் ஹெமரிக்ஸ், சாலையோர மர நிழல்களிலேயே சிகிச்சை முகாம்களை நடத்தி, மருந்து நோயாளியின் ஊரைத் தேடிச் செல்ல இயலும் என்பதைக் காட்டினார்.

ஆயினும் டாப்சோனைத் தனித்து அளித்ததில் ஓர் ஆபத்து மறைந்திருந்தது. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒரு சில, அம்மருந்துக்குக் கட்டுப்படாத இயல்பைத் தற்செயலாகப் பெற்றிருக்கும். ஏனையவை மடிய, இவை மட்டும் எஞ்சிப் பெருகும். மருந்தை விட்டுவிட்டு உட்கொள்பவரிடத்தில் இது எளிதில் நிகழும். இத்தகைய எதிர்ப்பு இயல்பு 1964-இல் மலேசியாவில் எலிப்பாதப் பரிசோதனை மூலம் மெய்ப்பிக்கப்பட்டது.

ஒரே கிருமி மூன்று வெவ்வேறு மருந்துகளுக்கும் ஒருங்கே கட்டுப்படாதிருப்பது மிக மிக அரிது. இவ்வுண்மையின் அடிப்படையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 1981-ஆம் ஆண்டில் ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் ஆகியவற்றைக் கொண்ட கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இந்தியாவில் 1983-இல் கட்டுப்பாட்டுத் திட்டம் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டமாக மாற்றியமைக்கப்பட்டு, இம்முறை படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் சென்றது. அவ்வாண்டில் 10,000 மக்களுக்கு ஏறத்தாழ 58 நோயாளிகள் இருந்தனர். 2005-ஆம் ஆண்டு இறுதியில் தேசிய அளவில் இவ்விகிதம் ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று.

இவ்வெற்றியைச் சரியாகப் பொருள் கொள்ளல் வேண்டும். பதிவேட்டில் உள்ளோரின் விகிதம் குறைந்ததேயன்றி, நோய் அற்றுப்போய்விடவில்லை. சிகிச்சைக் காலம் குறுகியதும் எண்ணிக்கை இறங்கியதற்கு ஒரு காரணமாகும். புதிய நோயாளிகளுள் குழந்தைகள் காணப்படுவது, அண்மைக் காலத்தில் நோய் பரவி வருகிறது என்பதற்குச் சான்று. முதல் முறை வரும்போதே கண்ணுக்குப் புலனாகும் ஊனத்தோடு வருவோர் இருப்பது, கண்டறிதலில் தாமதம் நேர்ந்ததற்குச் சான்று. களப்பணியாளர் தம் பகுதியின் பதிவேட்டை நோக்குகையில் மொத்த எண்ணிக்கையைவிட இவ்விரண்டையே முதலில் காண வேண்டும்.

மருந்து உட்கொள்ளும் முறை

கூட்டு மருந்து 28 நாட்களுக்குரிய அட்டைகளாக வழங்கப்படுகிறது. முதல் நாள் மாத்திரைகளைச் சுகாதாரப் பணியாளர் முன்னிலையிலும், மற்றவற்றை வீட்டிலும் உட்கொள்ள வேண்டும். கிருமி குறைந்தோருக்கு ஆறு அட்டைகள். அவற்றை ஒன்பது மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். கிருமி மிகுந்தோருக்கு 12 அட்டைகள்; அவற்றை 18 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். இரு வகையினருக்கும் மூன்று மருந்துகளையே அளிக்கலாம் என்று 2018-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்தது.

நோயாளிக்கு முன்னரே கூறிவைக்க வேண்டியவை சில உண்டு. ரிஃபாம்பிசின் உட்கொண்ட நாளில் சிறுநீர் செந்நிறமாகப் போகும், அது இரத்தமன்று. குளோஃபாசிமினால் தோல் கறுக்கும்; சிகிச்சை முடிந்த சில மாதங்களில் அது படிப்படியாகத் தெளியும். இவற்றைக் கூறாமல் விட்டால் நோயாளி அஞ்சி மருந்தை நிறுத்திவிடுவார். மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் உடலெங்கும் அரிப்புத் தடிப்பும் கண்டால், உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சிகிச்சையின் இடையிலோ அதன் பின்னரோ சிலருக்குத் தேமல்கள் திடீரெனச் சிவந்து வீங்குவதும், நரம்பு வலிப்பதும், வலியுள்ள முடிச்சுகள் தோன்றுவதும் உண்டு. இது மருந்தின் தீமையன்று. உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமிகளின் மீது கிளர்ந்தெழுவதன் விளைவு. இதனை அவசர நிலையாகக் கருதுதல் வேண்டும். நரம்பின் செயல் குறையத் தொடங்கி ஆறு மாதங்களுக்குள் பிரெட்னிசோலோன் முதலிய மருந்துகளைத் தக்கவாறு அளித்தால், இழந்த வலிமையும் உணர்ச்சியும் பலருக்கு மீள்கின்றன. கூட்டு மருந்தை அப்போது நிறுத்தலாகாது.

நோயாளியோடு நெருங்கி வாழ்வோருக்கு ரிஃபாம்பிசினை ஒரே ஒரு வேளை அளிப்பதால் நோய் வருவதைக் குறைக்கலாம் என்பதும் தெளிவாகியுள்ளது. பங்களாதேஷத்தில் நடந்து 2008-இல் வெளியான ஆராய்ச்சி, முதல் இரண்டு ஆண்டுகளில் புதிய நோய் சுமார் 57 சதவீதம் குறைந்ததைக் காட்டிற்று. இந்தியாவின் தேசியத் திட்டத்திலும் இம்முறை சேர்ந்துள்ளது. மருந்து அளிக்குமுன் அவர்களுக்குத் தொழுநோயோ காசநோயோ இல்லையென்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எல்லையைக் கடக்கும் நோயாளி

மேற்கூறியவற்றை எல்லைப்புறச் சூழ்நிலையில் பொருத்திப் பார்ப்போம். தேனி மாவட்டத்திலிருந்து உடும்பன்சோலைக்கு வேலைக்கு வரும் தொழிலாளி ஒருவருக்கு இடுக்கியில் நோய் கண்டறியப்படுவதாகக் கொள்வோம். நான்கு அட்டைகள் முடிந்த நிலையில் தோட்டத்து வேலை குறைந்து அவர் வருவதை நிறுத்துகிறார். இடுக்கிப் பதிவேட்டில் அவர் சிகிச்சையைக் கைவிட்டவர். தேனியில் அவர் பெயரே இல்லை. அவருடைய மனைவியும் மக்களும் தமிழ்நாட்டிலும், உடன் தங்கி உழைத்தோர் கேரளத்திலும் பரிசோதிக்கப்படாமல் விடுபடுகின்றனர். 18 மாதங்கள் கடந்த பின் அவர் மரத்துப்போன கையோடு மீண்டும் தோன்றுவார். இங்கு மருந்தின் குறை ஒன்றுமில்லை. இரு பதிவேடுகளுக்கிடையே ஒரு கடிதம் செல்லாததே குறை.

ஆகவே எல்லைப்புறக் களப்பணியாளர் பின்வருவனவற்றை வழக்கமாகக் கொள்ளுதல் நலம். நோயாளியைப் பதியும்போதே வேலை செய்யும் இடம், சொந்த ஊர் ஆகிய இரு முகவரிகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நோயின் வகை, தொடங்கிய நாள், முடிந்த அட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கண்ட சீட்டு நோயாளியின் கையில் எப்போதும் இருக்க வேண்டும். இடம் பெயரும் நோயாளிக்கு, குடும்பத்தார் ஒருவரைப் பொறுப்பாக்கி, மருத்துவ அதிகாரியின் இசைவோடு தேவையான அட்டைகளை முன்னதாகவே கொடுத்தனுப்ப வழியுண்டு. எல்லைக்கு அப்பாலுள்ள சுகாதார நிலையத்திற்குத் தகவல் அனுப்பி, அது கிடைத்ததற்கு மறுமொழி பெறும் வரை அந்நோயாளி தம் பொறுப்பே என்று கருத வேண்டும்.

மொழியும் இங்கு ஒரு தடையாகலாம். தேமலை மலையாளத்தில் சுணங்கு என்பர். தமிழர் சுணங்குதல் என்பதைத் தாமதித்தல் என்னும் பொருளிலேயே வழங்குவர். நிறமிழந்த வெண்மையான தோலை மலையாளத்தில் வெள்ளப்பாண்டு என்பர். தமிழிலோ அதனை வெண்குஷ்டம் என்று பிழையாக வழங்கி வந்தனர். அது தொற்றுநோயன்று, தொழுநோயோடு எவ்வகைத் தொடர்பும் அற்றது. வெண்புள்ளி என்பதே தக்க பெயர். எந்தச் சொல்லால் வினவுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையுமாதலின், தோலில் மரத்துப்போன இடம் உண்டா என்று நேரே கேட்பது சிறந்தது.

கேரள அரசாங்கம் 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் அசுவமேதம் என்னும் பெயரில் வீடுதோறும் சென்று நோயைத் தேடும் இயக்கத்தைத் தொடங்கியது. அதன் முதற்கட்ட மாவட்டங்களுள் பாலக்காடும் ஒன்று. தொழுநோயாளியைச் சமூகம் நடத்தும் விதத்தைப் பொருளாகக் கொண்டு தோப்பில் பாஸி எழுதி, 1960-களில் கேரளமெங்கும் நடிக்கப்பெற்ற நாடகத்தின் பெயரும் அசுவமேதமே. 2022-இல் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளிடையே நோயைத் தேடும் பாலமித்ரா என்னும் முயற்சியும் நடைபெற்றது.

ஆசிரியர் செய்யத்தக்கது

சிறுவர்களின் தோலில் காணும் தேமல்களுள் பெரும்பாலானவை தொழுநோய் அல்ல. அரிப்பெடுப்பதும், செதில் உதிர்வதும், பிறந்தது முதல் இருப்பதும், பால் போல் வெளுத்ததும் பொதுவாக வேறு காரணங்களால் வருபவை. தொழுநோய்த் தேமல் சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ சற்றுச் சிவந்தோ இருக்கும், அரிக்காது, வலிக்காது. அவ்விடத்தில் வியர்வை குறையும், முடி உதிரும், முக்கியமாக, தொடு உணர்ச்சி குன்றும். அரிப்போ வலியோ இல்லாமையால்தான் இதனை எவரும் பொருட்படுத்துவதில்லை.

உணர்ச்சியைச் சோதிப்பதற்குப் பேனா முனையே போதுமானது. முதலில் மாணவன் பார்த்துக்கொண்டிருக்கையில் நல்ல தோலில் மெல்லத் தொட்டுக் காட்ட வேண்டும். பின்னர்க் கண்ணை மூடச் செய்து, தேமலிலும் பிற இடங்களிலும் மாறிமாறித் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். தேமலில் தொட்டதை அவன் உணராவிடில் சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். முகத்தில் இச்சோதனை நம்பத்தக்கதன்று. உணர்ச்சி இருப்பதாகத் தோன்றினும், தேமல் நெடுநாள் மறையாதிருந்தால் மருத்துவர் பார்ப்பதே நன்று.

சோதனையைப் பிற மாணவர் முன்னிலையில் நடத்தலாகாது. பெண் குழந்தைகளை ஆசிரியையோ பெண் சுகாதாரப் பணியாளரோ பார்க்க வேண்டும். நோயின் பெயரைத் தீர்மானிப்பது மருத்துவரின் கடமை. ஆசிரியர் அதனை வாய்விட்டுச் சொல்லுதல் தகாது. பெற்றோரைத் தனியே அழைத்து, தோலில் ஓர் இடம் மரத்திருப்பதாகவும், மருத்துவரிடம் காட்டுவது நல்லது என்றும் கூறுவதே போதும். நோய் உறுதியானால், அப்பிள்ளை தன் பழைய இடத்திலேயே அமர்ந்து தொடர்ந்து படிப்பதை ஆசிரியர் உறுதி செய்ய வேண்டும்.

சட்டமும் சமூகமும்

தொழுநோயாளிகளைப் பிரித்தடைக்க அதிகாரமளித்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் ரத்து செய்யப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணமாகக் கொண்ட பிரிவுகள் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டன. சட்டம் விலக்கிய தடைகளை வழக்கம் நிலைநிறுத்தாதபடி காப்பது கற்றோரின் கடமையாகும்.

2023 முதல் 2027 வரைக்குமான தேசியத் திட்டம், 2027-ஆம் ஆண்டுக்குள் நம் நாட்டில் தொழுநோய் பரவுவதை அறவே நிறுத்துவதை இலக்காகக் கொண்டுள்ளது. கிருமி மந்தமாக வளர்வதால் நமக்கு ஓர் அவகாசம் கிடைக்கிறது. தேமல் தோன்றி நரம்பு பழுதுறுவதற்குள் பெரும்பாலும் சில மாதங்களேனும் கழிகின்றன. அம்மாதங்களில் அத்தேமலை யாரேனும் ஒருவர் கண்டு, தொட்டுப் பார்த்து, சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவிட்டால், அந்நோயாளி ஆறு மாதங்களிலோ ஓராண்டிலோ நலம் பெற்றுத் தம் தொழிலைத் தொடர்வார். கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் போடிமெட்டிலும் அவ்வாய்ப்பு முதலில் கிட்டுவது இக்கட்டுரையைப் படிக்கும் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்குமே ஆகும்.